கோழித் தீவனமே போதும்

மார்ச் 3
இன்று எண்பது வாத்துக் குஞ்சுகள் வந்தன. மாமனார் சரிபாதியாகப் பிரித்தார். எனக்கு நாற்பது, கொழுந்தனின் மனைவி சின்னவளுக்கு நாற்பது. இரண்டு மாதத்தில் எவளுடையவை தேறுகின்றனவோ அவளுக்குத்தான் கொட்டகையும் குளமும். பதினோரு வருடம் அந்தச் சேற்றில் நின்று என் குதிகால் வெடித்தது. அவள் வந்து எட்டு மாதம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

மார்ச் 4
சின்னவள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.
"என்ன தீனி போடணும்க்கா?"
"கோழிக்குஞ்சுத் தீவனமே போதும். தண்ணியில குழைச்சு வை."
"வேற சத்து ஒண்ணும் வேண்டாமா?"
"நான் சொல்றது போதாதா?"
அதையும் எழுதிக்கொண்டாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது.
கோழிக்குஞ்சுக்குப் போதுகிற சத்து வாத்துக் குஞ்சுக்குப் போதாது. கால் நிற்காது. ஈஸ்ட் தூள் கலந்தே ஆக வேண்டும். முதல் வருடம் ஒரு கூட்டத்தையே பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு யார் சொன்னார்கள்? நான் ஏன் சொல்ல வேண்டும்? என் தூள் பழைய பிஸ்கட் டப்பாவில், துணி அலமாரிக்குள் இருக்கிறது.

மார்ச் 9
என்னுடையவை தட்டைப் பார்த்தாலே ஓடி வருகின்றன.

மார்ச் 15
அவளுடைய கூண்டில் ஆறு குஞ்சுகள் உட்கார்ந்தபடியே நகர்கின்றன. "கால்ல பலமே இல்லக்கா" என்று ஓடி வந்தாள். "கிளிஞ்சல் தூள் போடு, எலும்புக்கு நல்லது" என்றேன். முட்டையிடும் வாத்துக்குத்தான் அது. குஞ்சுக்கு ஆகாது. தெரிந்துதான் சொன்னேன். இங்கேயாவது உண்மையை எழுதலாமே.

மார்ச் 18
பதினான்கு.

மார்ச் 21
தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டில் வாய் வைக்கச் செய்கிறாள். நடக்க முடிந்தவை முடியாதவற்றை மிதித்துக்கொண்டு தின்கின்றன. "பாவம், நீ போய்ப் பாரேன்" என்றார் என் கணவர். "அதான் நோட்டு இருக்கே, பாத்துக்கும்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

மார்ச் 24
கால்நடை மருத்துவர் வந்தார். "ஈஸ்ட் குடுக்கலையா? கிளிஞ்சலை வேற யாரு போடச் சொன்னது?"
நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.
"அக்கா சரியாத்தான் சொன்னாங்க டாக்டர். நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."
மாமனார் அவளை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கு என்று வாங்கினார். அவள் என் பக்கமே திரும்பவில்லை. பிழைக்காது என்று மருத்துவர் ஒதுக்கிய பத்தொன்பதையும் தன் கையாலேயே கழுத்தைத் திருகி வாளியில் போட்டாள்.
நோட்டைக் காட்டியிருக்கலாமே. சனியன், ஏன் காட்டல?

மே 3
கொட்டகைச் சாவி என் இடுப்பில். பேசாமல் சந்தோஷப்படுடீ.

மே 8
குளத்துப் படியில் வழுக்கி விழுந்தேன். தொடை எலும்பு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். படுத்தபடி எழுதுகிறேன்.

மே 14
எனக்கு எல்லாம் செய்வது சின்னவள்தான். மலஜலம் உட்பட. சாவியை மாமனார் அவளிடம் கொடுத்துவிட்டார்.
இன்று சொன்னாள்: "துணி எடுக்கறப்ப அந்த பிஸ்கட் டப்பாவப் பாத்தேன்க்கா. மிச்சத்த வாத்துங்களுக்குப் போட்டுட்டேன்."
போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

மே 29
ஆஸ்பத்திரியில் வேளைக்கு மூன்று மாத்திரை என்றார்கள். இல்லை, இரண்டா? வலி மயக்கத்தில் காதில் விழுந்தது. அவள் இரண்டுதான் தருகிறாள்.
"டாக்டர் சீட்டு எங்க?"
"எங்கிட்ட பத்திரமா இருக்குக்கா."
"வேற மாத்திரை ஒண்ணும் இல்லையா?"
தண்ணீரை நீட்டினாள். "நான் சொல்றது போதாதா?"
அழுதேன். கணவரிடம் சொன்னால், "உனக்காக ராத்திரி பகலா உழைக்கிறா, அவளப் போய்ச் சந்தேகப்படறியே" என்கிறார். இத்தனை நாளாகத் தட்டு வந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். போடாமல் விட்டதை எப்படி முகர்வது?

ஜூன் 19
ஆறு வாரம் முடிந்தது. சன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தேன். வெளியே வாத்துகள் வரிசையாகக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.
கால் நிற்கவில்லை.
சின்னவள் வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். பிறகு நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ஏதோ எழுதிக்கொண்டாள்.