மைனியின் ஜெர்மனிச் சக்கரம்

மைனி,

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த பேத்தி நேற்று ஒரு பெட்டியைப் பிரித்தாள். உள்ளே ரூலெட் சக்கரம், ஒரு வெள்ளைக் குண்டு, கட்டம் போட்ட பச்சைத் துணி, வட்டக் காய்கள். வீட்டில் வைத்து விளையாடவென்றே விற்கிறார்களாம். எல்லாம் பிளாஸ்டிக். ஆனாலும் குண்டு ஓடிக் குழியில் விழுந்த சத்தம் கேட்டதும் அடுப்பில் மீன்குழம்பை விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

பெங்களூரில் இன்ஜினியர் அவள். அஞ்சாம் கிளாஸோடு நின்ற நான்தான் அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தேன். எந்த எண்ணில் விழும் என்று முதலில் காய் வைக்க வேண்டும். சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, குண்டை எதிர்ப்பக்கம் விட வேண்டும். பூஜ்யம் ஒன்று இருந்தால் ஐரோப்பாச் சக்கரம், இரண்டு இருந்தால் அமெரிக்காச் சக்கரம். பிள்ளை வாயைப் பிளந்துவிட்டாள். எல்லாம் நீங்கள் சொன்னதுதானே மைனி.

உங்கள் தம்பிக்கு, என் வீட்டுக்காரருக்கு, பக்கவாதம் வந்து வலது கை விழுந்த வருஷம் அது. நீங்கள் ஜெர்மனியில் நர்ஸ் வேலை முடித்து ஊருக்கு வந்திருந்தீர்கள். தக்கலை பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த அவர் விரல், மடங்கினபடியே மடியில் கிடந்தது. விரலுக்கு வேலை கொடுக்காவிட்டால் கை அப்படியே போய்விடும் என்று டாக்டர் ரப்பர் பந்து கொடுத்தார். "நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்று இவர் அதை முற்றத்தில் எறிந்தார், இடது கையால்.

மறுநாள் நீங்கள் ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த மர ரூலெட் சக்கரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள். "ஏலே, என்னைத் தோக்கடிக்க முடியுமா ஒனக்கு? வலது கையாலதான் ஆடணும்." காய்க்குப் பதில் புளியங்கொட்டை. ஒரு கொட்டையைக் கட்டத்தில் வைக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆகும். நீங்கள் அவசரப்படாமல் கதை சொல்வீர்கள். பிரான்ஸில் ஒருத்தர் நிற்காமல் தானே சுற்றுகிற சக்கரம் செய்யப் பார்த்தாராம், முடியவில்லையாம், அதிலிருந்துதான் இந்த ஆட்டம் வந்தது என்று அங்கே சொல்வார்களாம்.

"நின்னு போச்சே, பொறவு என்ன பிரயோசனம்?" என்றார் இவர்.

"நிக்கிறதுனாலதாம்லே ஆட்டம். கொட்டையை வையி."

அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு அக்கா சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "சூதாட்டச் சாமானாக்கும். இதுல உள்ள நம்பரையெல்லாம் கூட்டிப் பாரு பிள்ளே," என்று காதில் சொல்லிப் போனாள். காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டினேன். ஒன்று முதல் முப்பத்தாறு வரை. அறுநூற்று அறுபத்தாறு! பைபிளின் கடைசியில், வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற சாத்தானுடைய மிருகத்தின் எண். சக்கரத்தைப் பழைய சேலையில் சுற்றி விறகுப்புரையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் இவர் வெறும் மேசையைப் பார்த்தார். வலது கையை இடது கையால் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

காலண்டர் தாளை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் திட்டவில்லை. "கணக்கு சரிதான். இனி கோயில் பாட்டுப்புத்தகத்தை எடு. முதல் முப்பத்தாறு பாட்டோட நம்பரையும் கூட்டு." உட்கார்ந்து கூட்டினேன். பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் முழுக்கக் கூட்டவைத்தீர்கள்.

"எத்தர வந்து?"

"அதேதான் மைனி."

"அப்பம் இந்தப் புத்தகத்தையும் கொண்டு விறகுப்புரையில போடுட்டி!"

திரும்பிப் படுத்திருந்தவர் குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்துக் கேட்டேன். நானே போய்ச் சக்கரத்தை எடுத்துவந்து துடைத்து வைத்தேன். ஒன்பது மாசத்தில் அவர் குண்டை இரண்டு விரலால் சுண்டிவிட்டு உங்களைத் தோற்கடித்தார். நீங்கள் வேண்டுமென்றே தோற்றீர்களா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கின அன்று, உங்கள் தம்பி குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார், வலது கையால். நின்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, ரோடு தாண்ட அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்கிறேன் மைனி. எனக்குக் கண் அவ்வளவு தெரிவதில்லை. அவர் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.