நான் சீவித் தள்ளிய பதினோரு வருஷம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் இரண்டு நூற்றாண்டுகளைத் தேய்த்து முடித்தேன். பிறகு டீ குடித்தேன். எந்தச் சக்கரவர்த்திக்காவது இப்படி ஒரு காலை வாய்த்திருக்கிறதா? விசாரித்துவிட்டேன், இல்லை.

மலைமேல் நிற்கும் ஊசியிலை மரங்களில் குழல் போன்ற துளைக்கருவியைத் திருகி, பட்டையிலிருந்து நடுவரைக்கும் பென்சில் கனத்தில் ஒரு குச்சி எடுக்கிறார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகாது, நமக்கு ஊசி போடுகிற மாதிரிதான். குச்சி என் மேஜைக்கு வரும். காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிய மரச் சட்டத்தில் பசை வைத்துப் பதித்து, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்ற தாள் வரைக்கும் ஏழு தாள் மாற்றித் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க வளையங்கள் எழுந்து வரும். வருஷத்துக்கு ஒன்று. மழை பெய்த வருஷம் அகலம், காய்ந்த வருஷம் ஒடிசல். எண்ணுவதும் அளப்பதும் டாக்டரம்மா.

டாக்டரம்மா என் தங்கை மகள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் தெரியாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எந்த வருஷம் மழை பொய்த்தது என்று கேட்டால் சொல்வாள். நான் தச்சனாக இருந்த நாற்காலிக் கம்பெனியை மூடியபின் ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து, மனைவி செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்யாணம் தப்பியதே இவளால்தான். "மாமா, உங்க கை எனக்கு வேணும். வாயை மட்டும் வீட்ல விட்டுட்டு வாங்க" என்று கூப்பிட்டாள். கையைக் கொண்டுபோனேன். வாய் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. போன ஜூலை. அன்றிலிருந்து ஒரு நாள்கூட எழுந்திருக்கச் சலித்ததில்லை.

மார்ச் 5

முழங்கால் வலி. இதற்கென்று தனியாக ஒரு துறையே தொடங்கலாம். நான்கு பேர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கலாம்.

மார்ச் 9, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் இன்று யாரும் சிரிக்கவில்லை. அதாவது நான் பேசியும் சிரிக்கவில்லை.

சங்கதி இது. ஏரியில் எப்போதும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் வைக்க வேண்டும் என்று தண்ணீர் வாரியம் முடிவு செய்யப்போகிறது. அதற்கு அவர்கள் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பக்கத்தில் வறட்சி வந்தால் அதிகபட்சம் எத்தனை வருஷம் நீடிக்கும்? மற்ற மரங்களுக்கெல்லாம் வயது நூற்றைம்பதுதான். பதினேழாம் எண் மரம் ஒன்றுதான் முந்நூற்றுப் பத்தைத் தொட்ட கிழவர். அவர் கணக்கைச் சரிபார்க்க, ஊருக்கு வெளியே ஒரு பழைய தானியக் களஞ்சியம் இருக்கிறது. அதன் உத்திரங்களிலும் குச்சி எடுத்தாள். கிழவரின் உள்வளையங்களோடு உத்திரங்களின் வளையங்கள் அகலத்துக்கு அகலம், ஒடிசலுக்கு ஒடிசல் அச்சாகப் பொருந்துகின்றன.

பொருந்தினதுதான் தொல்லை. அந்தக் கணக்குப்படி உத்திரத்துக்கு மரம் வெட்டிய வருஷம், களஞ்சியத்தின் கதவுக் கல்லில் செதுக்கியிருக்கும் வருஷத்துக்குப் பதினோரு வருஷம் பிந்தி வருகிறது. கட்டடத்தைக் கட்டி முடித்து, பதினோரு வருஷம் கழித்துக் கூரைக்கு மரம் வெட்டப் போயிருக்கிறார்கள்!

"எங்க வீட்டு மாடிப்படி கட்டின மேஸ்திரியோட தாத்தாவா இருக்கும்" என்றேன்.

துறைத்தலைவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கல்லு தப்பா இருக்கணும், இல்ல நீங்க எண்ணினது தப்பா இருக்கணும்மா" என்று அவளிடம் சொன்னார். "ஒண்ணும் சரியாகலேன்னா பதினேழைத் தூக்கிடுங்க. நூத்தம்பது வருஷம் போதும்னு அறிக்கையை முடிச்சிடலாம். மாசக் கடைசி கெடு."

நூற்றைம்பது வருஷக் கணக்கில் பார்த்தால் மிக நீண்ட வறட்சி நான்கு வருஷம்.

மார்ச் 10

டாக்டரம்மா பதினேழை ஐந்தாம் தடவையாக எண்ணுகிறாள். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தபோது கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"கிழவர் பதினோரு வருஷம் லீவு போட்டிருப்பார், விடு."

"மாமா, ப்ளீஸ்."

"சரி, எட்டு வருஷம்."

"எனக்கு எண்ணத் தெரியலேன்னு அவர் சொல்றாரு மாமா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

வாயை மூடிக்கொண்டேன். என் சரித்திரத்தில் இது பதிவு செய்யப்பட வேண்டிய நாள்.

மார்ச் 12, வியாழன்

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

சாயங்காலம் மனைவியின் தையல் மேஜை இழுப்பறையைச் சரிசெய்தேன். முன்பலகை விரிந்து இரண்டாகப் போயிருந்தது. உடைந்த விளிம்புகளை உளியால் நேராகச் சீவி, ஒட்டி, தேய்த்துக் கொடுத்தேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "எங்க ஒட்டினீங்கன்னே தெரியலையே!"

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் போட்ட இணைப்பைக் கண்டுபிடிக்கணும்னா கடவுளே கண்ணாடி போட்டுட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் —

பாதியில் நிறுத்திவிட்டேன். 

பதினேழு. போன ஜூலை. நான் சேர்ந்த முதல் வாரம். அந்தக் குச்சி வரும்போதே இரண்டாக உடைந்து வந்தது. இரண்டு முனையும் பிசிறு. முதல் நாளே அவள் சொல்லித்தான் இருந்தாள்: "உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கணும் மாமா. நடுவுல இடம் விட்டு ஒட்டுங்க." காதில் விழுந்தது. கைக்கு விழவில்லை. கை அதுபாட்டுக்கு உளியை எடுத்தது. இரண்டு முனையையும் சீவி, நேராக்கி, நெருக்கி ஒட்டி, ஏழு தாளும் போட்டுத் தேய்த்தது. அழகாக இருந்தது. நானே அழகு பார்த்தேன்.

அந்தச் சீவலில் எத்தனை வருஷம் போச்சு? குப்பைக்கூடையில் ஊதித் தள்ளினேனே — எத்தனை வருஷத்தை ஊதித் தள்ளினேன்?

பதினொன்றா?

மார்ச் 13

சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை.

டாக்டரம்மாவிடம் போய், "அந்தப் பதினோரு வருஷத்தைத் தின்னவன் இதோ நிக்கிறேன், விலங்கு மாட்டு" என்றேன். பழக்கதோஷம். வேறெப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"இன்னிக்கு வேண்டாம் மாமா."

"இல்ல கண்ணு, நெசமாத்தான். உளியால —"

"நேத்து பூரான் வந்தப்போ வராண்டா நீளத்துக்குப் பாம்புன்னீங்க. போன வாரம் ஏணியிலேர்ந்து விழுந்து ஏணி மேலயே நின்னேன்னீங்க. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் இதையும் சொல்றீங்கன்னு தெரியுது. பழியை நீங்க எடுத்துக்கறேங்கறீங்க. வேண்டாம்."

துறைத்தலைவரிடம் போனேன். அவர் தோளில் தட்டி, "நல்லா இருக்குய்யா, ஆண்டு விழாவுல சொல்லும்" என்றார்.

திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு குரல்: சொல்லியாச்சு. நம்பலேன்னா நான் என்ன பண்றது? என் கடமை முடிஞ்சது. அறிக்கை போகும், நான்கு வருஷம் என்று இருக்கும், என் வேலையும் இருக்கும். இரண்டு குச்சி தேய்த்தேன். இரண்டுமே கோணல்.

மார்ச் 15, ஞாயிறு

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மட்டும் உடனே நம்பினாள். எப்படி என்று கேட்டேன்.

"மூணு நாளா நீங்க எதையும் பெரிசு பண்ணிப் பேசல. அப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும்."

"அவ நம்பமாட்டேங்கறா."

"நம்பற மாதிரியா சொல்லியிருப்பீங்க? உங்க வாயில எலி நுழைஞ்சா யானையாத்தான் வெளிய வரும். எழுதிக் குடுங்க. யானை இல்லாம எழுதுங்க."

"வேலை போயிடும்."

"போனா போகுது. மறுபடி வீட்ல உக்காந்து எனக்கு யோசனை சொல்லுங்க, தாங்கிக்கறேன்."

இப்படி ஒருத்தி எனக்கு எப்படிக் கிடைத்தாள்? அவள் பக்கத்தில் ஏதோ பெரிய தவறு நடந்திருக்க வேண்டும். அதற்கு நான் என்றென்றும் நன்றியுள்ளவன்.

மார்ச் 16

ஒரு தாளில் ஐந்து வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். பதினேழாம் எண் குச்சி உடைந்து வந்தது. இரண்டு முனைகளையும் நான் உளியால் சீவினேன். இடைவெளி விடாமல் ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. தவறு என்னுடையது, எண்ணியவருடையது அல்ல.

டாக்டரம்மா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"மாமா, இதுல ஒரு இடத்துலகூட உங்க வாய் இல்லையே."

பிறகு சட்டத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, நான் சுட்டிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, விளக்கைச் சாய்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தண்ணீர் ஊறாத ஒரு கோடு, வளையத்தோடு வளையமாகப் படுத்திருந்தது. பசை.

"அப்போ நான் எண்ணினது சரி" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு சீவினீங்க?"

"தெரியல."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் எண் கேட்டு நான் சொல்லவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அலமாரியைத் திறந்து துளைக்கருவியை எடுத்தாள். "மரம் அங்கதானே நிக்குது. திரும்பப் போயி கேட்டுக்கலாம். உங்க முழங்கால் வருமா?"

"முழங்காலை வீட்ல விட்டுட்டாவது நான் வருவேன்."

சிரித்துவிட்டாள்! கோபமும் கொஞ்சம் கலந்த சிரிப்புதான். போதும்.

மார்ச் 18, புதன்

மலை. ஜீப் போகாத இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடை. (மனைவிக்குச் சொன்னது: ஆறு.)

கிழவர் பாறை விளிம்பில் நிற்கிறார். உயரம் அதிகமில்லை, மேல்முனை முறிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார். போன ஜூலையிலேயே அவரைத் தேய்த்திருக்கிறேன், முகம் பார்த்தது இன்றுதான். மறுபக்கம் உள்ளே பொந்து, அங்கே எடுக்க முடியாது. பழைய துளையில் பிசின் கசிந்து தானே அடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு சாண் மேலே வைத்துத் திருகினோம். அவள் பாதி, நான் பாதி. உள்ளே போகப் போகக் கருவி முனகியது.

குச்சியை வெளியே இழுத்தபோது அதே இடத்தில் டக்கென்று உடைந்தது. என் கையில். 

"பரவால்ல மாமா. ஒடிசலா வளையம் நெருங்கினா அங்க பலம் கம்மி, அதான் உடையுது. பிசிறைத் தொடாதீங்க, அவ்வளவுதான்."

தொடவில்லை. இரண்டு துண்டையும் காகிதக் குழலில் வைத்து, சட்டைக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கினேன். கிளம்பும் முன் அவள் பார்க்காதபோது கிழவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை. பெரிய மனுஷர்.

மார்ச் 24

குச்சி காய்ந்துவிட்டது. துறைத்தலைவர் வேறொருவர் ஒட்டட்டும் என்றாராம். நியாயம்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். டாக்டரம்மா, "மாமாதான் ஒட்டணும். இந்த இடத்தோட அருமை இப்ப அவருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாளாம். இதை எனக்குச் சொன்னது அவள் இல்லை, துறைத்தலைவரே.

ஒட்டினேன். பிசிறோடு. நடுவில் அரிசி அகலத்துக்கு இடம் விட்டேன். உளியைக் காலையிலேயே மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனேன்.

மார்ச் 26, வியாழன்

எண்ணினோம். சீவின இடத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அகல வளையம், இந்தப் பக்கம் இரண்டு அகல வளையம். பழைய குச்சியிலும் அவை இருக்கின்றன. பழையதில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. புதியதில் அவற்றுக்கு நடுவே —

அவள் வாய்விட்டு எண்ணினாள். ஏழு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. எட்டு. ஒன்பது. இடைவெளியைத் தாண்டி, பத்து. பதினொன்று.

மயிரிழை மயிரிழையாகப் பதினொன்று. களஞ்சியத்துக் கல் பொய் சொல்லவில்லை. கூரைக்கு மரம் வெட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். கட்டி முடித்த ஆறாம் வருஷம் தொடங்கிப் பதினோரு வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. உள்ளே வைக்கத் தானியம் இருந்திருக்குமா?

நான் ஊதித் தள்ளியது அந்த ஜனங்களின் பதினோரு வருஷம். இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பெரிதாக்கவும் வேண்டாம்.

மார்ச் 31

அறிக்கை போய்விட்டது. பதினெட்டாம் பக்கத்தில் இரண்டு வரி: முதல் மாதிரி தயாரிப்பில் நேர்ந்த தவறு, தயாரித்தவராலேயே கண்டறிந்து தெரிவிக்கப்பட்டது. நாற்காலிக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் இரண்டு வரி எழுதியதில்லை. பக்கத்தை நகலெடுத்து வாங்கிக்கொண்டேன். மனைவி தையல் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 9, செவ்வாய்

தண்ணீர் வாரியத்திலிருந்து பொறியாளர் வந்திருந்தார். ஏரியில் மிச்சம் வைக்கும் அளவை நான்கு வருஷக் கணக்கிலிருந்து பதினோரு வருஷக் கணக்குக்கு மாற்றிவிட்டார்களாம். அந்தக் குச்சியை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், என் அழகான இணைப்பையும், பிசிறுள்ளதையும்.

"எத்தனை வருஷம் காய்ஞ்சது?" என்று என்னிடம் கேட்டார்.

டாக்டரம்மா கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு, யானை வரும் என்று காத்திருந்தாள்.

"பதினொண்ணு" என்றேன்.

"கூடக் குறைய?"

"இல்லீங்க. பதினொண்ணுதான்."

வீட்டுக்கு வந்து, பொறியாளர் இருபது கார்களில் வந்தார் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்பாடா" என்று சொல்லி டீ கொடுத்தாள்.

வந்தது ஒரு கார். மழையில் நனைந்துகொண்டு நின்றது.