பம்பில் நின்ற காற்று

செவ்வாய். முதல் ஷிப்ட் முடிந்து வந்த நாள்.

ஒரு வாரமாக என் மகள் மலரின் கம்ப்யூட்டர், வீடியோ எடிட் பண்ணும்போதெல்லாம் சூடேறித் தானாக அணைந்துகொண்டிருந்தது. பிராசசரைக் குளிர்விக்கத் தண்ணீர் சுற்றும் கூலரை வாங்கி மாட்டியவன் நான்தான். "உள்ள களகளன்னு சத்தம் வருதுப்பா" என்று அவள் முதல் நாளே சொன்னாள். "ராவும் பகலும் ஓட்டிக்கினே இருந்தா சூடாவாம என்ன பண்ணும்? கரித்தூசு வேற" என்று கத்திவிட்டேன்.

இன்று மாலை கூலரின் ரேடியேட்டரைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் தொண்ணூற்றெட்டு டிகிரி. பெட்டியில் காதை வைத்தேன். எனக்குத் தெரிந்த சத்தம். நிலக்கரிச் சுரங்கத்தில் நிலத்தடி நீர் இறைக்கும் பம்புகளில் இருபது வருடமாகக் கேட்கிறேன். கூலரில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பில் காற்று பிடித்திருக்கிறது. ரேடியேட்டரை அடியிலும் பம்பை அதற்கு மேலேயும் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மேலே ஏறும் காற்று வேறெங்கே போகும்? நேற்று வேலைக்கு வந்த காண்ட்ராக்ட் ஆள்கூட இப்படி மாட்டமாட்டான்.

ரேடியேட்டரைக் கழற்றி மேலே மாட்டினேன். சத்தம் நின்றது. சூடு அறுபத்தைந்துக்கு இறங்கியது.

மலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இனிமே ரொம்ப நேரம் ஓட்டமாட்டேன்ப்பா. எடிட்டுக்கு வந்த கல்யாண வீடியோவ முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றாள்.

"எல்லாம் தூசுதாம்மா" என்றேன்.

படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. ரேடியேட்டரைத் துடைத்த துணி அவள் மேஜைமேலேயே கிடக்கிறது. துளி கரியும் ஒட்டாமல், வெள்ளையாக.