தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கல்

அனுப்புநர்:
டெ. கிளாரா, க/பெ. டெனிசன்,
ஏரியோரக் குடியிருப்பு (பட்டா இல்லை, கதவு எண்ணும் இல்லை),
படப்பை அஞ்சல்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: வெள்ளம் நின்ற உயரத்தைக் காட்டும் கல் நடவும், மேட்டு நிலத்தில் மனை ஒதுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் கம்பெனி வேலையை நம்பி இங்கு வந்தவர்கள். 1989 சித்திரையில் தரகர் காட்டிய இடத்தில் வெடித்த தரையும் சுண்ணாம்பு அடித்த மனைக்கற்களும்தான் இருந்தன. முத்திரைத்தாளில் எழுதி வாங்கினோம். அது ஏரிப் புறம்போக்கு என்பது வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகே தெரிந்தது. மனை வியாபாரமெல்லாம் கோடையில்தான் நடக்கிறது ஐயா. ஐப்பசியில் ஒரு தரகரும் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

2. சென்ற கார்த்திகையில் ஜன்னல் வரை ஏறிய தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. ஈரச் சுவரால் என் ஏழு வயது மகள் ஜோவிதாவுக்கு இழுப்பு வந்தது. மருத்துவர் சொன்னபடி அவளைச் சுங்குவார்சத்திரத்தில் நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறோம். பத்து மாதமாகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் அவள் அத்தை மடியில்தான் போய் உட்காருகிறாள்.

3. இந்த வீட்டை விற்றால்தான் அவளருகில் ஓர் அறை வாடகைக்குப் பிடிக்க முடியும். தரகர் சொற்படி சுவரிலிருந்த தண்ணீர்க் கறை மேல் சுண்ணாம்பு அடித்தேன். ஆடியில் சின்னப்பையன் என்பவர் மனைவி மீனம்மாளோடும் கைக்குழந்தையோடும் பார்க்க வந்தார். “வூடு நல்லா கீதுக்கா. மழ வந்தா தண்ணி உள்ள வருமா?” என்று அந்தப் பெண் கேட்டாள். வராது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போன பிறகு மனசு கேட்காமல் பின்னால் ஓடி உண்மையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வியாபாரம் போயிற்று. எங்கள் வீட்டு விலையையும் கெடுத்துவிட்டாயே என்று தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

4. ஆகவே, தண்ணீர் நின்ற உயரத்தைக் குறித்து எங்கள் தெருமுனையில் அரசுக் கல் ஒன்று நட வேண்டுகிறேன். அந்தக் கல் வந்தால் என் வீடும் விலை போகாது. தெரிந்தேதான் கேட்கிறேன். இந்தக் குடியிருப்பிலுள்ள பதினெட்டுக் குடும்பங்களுக்கும் மேட்டு நிலத்தில் மனை ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

5. வரும் ஞாயிறு வேறொரு குடும்பம் வீடு பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியிருக்கிறார். இந்த முறையும் பின்னால் ஓடுவேனா என்று எனக்கே நிச்சயமில்லை ஐயா. பிள்ளையை மனசு அவ்வளவு தேடுகிறது. அதற்குள் கல்லை நட்டுவிடுங்கள்.

இடம்: படப்பை
நாள்: 23.9.1991

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) டெ. கிளாரா