கையில் சுற்றிய சங்கிலி

1975, ஐப்பசி. செவ்வாய் இரவு. கும்மிடிப்பூண்டி.

ஏழுமலை அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவரும் என்னைப் போலத் தொழிற்சாலையில் தினக்கூலிதான். ஆனால் காலையில் மேனேஜரின் அல்சேஷன் நாயை அவர்தான் நடைக்கு அழைத்துப் போக வேண்டும். சங்கிலியைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு போவார். போன வாரம்தான் சொன்னேன்.

"சுத்திக்காதண்ணே, சும்மா புடிச்சிக்கோ. அது இழுத்தா கை பூடும்."

"உட்டா வேல பூடும்டா. எது தேவலன்னு நீயே சொல்லு," என்று சிரித்தார்.

இன்று கேட் அருகே ஒரு லாரி ஹாரன் அடித்தது. நாய் மிரண்டு பாய்ந்தது. சங்கிலி இறுகிவிட்டதால் அவரால் கையை உதற முடியவில்லை. சரளைக்கல்லில் தேய்ந்துகொண்டே போனார். நான் ஓடி நாயைப் பிடித்தபோது விரல்கள் தோலில் தொங்கின.

மேனேஜர் வந்து நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "அறுத்திருக்கே. இனிமே தோல் வார்தான் போடணும்," என்றார். அவர் கார் சும்மா நின்றது. அண்ணனை அதே லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

மாலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நாய் உன்கிட்ட அடங்குது. நாளையிலேர்ந்து நீ வா."

முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்றேன்.

இப்போது ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டி இழுத்துப் பார்க்கிறேன். சும்மா பிடித்தால் நழுவிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கை தானாகவே ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறது.