நானும்தான் சிரிச்சன்

றிஸ்மியாட வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன்ல சொன்னா இடையில வெட்டிருவீங்க, அதுதான் எழுதுறன். றிஸ்மியாட கலியாண வீடியோ கத்தாருக்கு உங்களிட்ட வந்திருக்கும். சாப்பாடு நல்லம் எண்டு நுரைச்சோலை ஊரே சொல்லுது.

காவின் புத்தகத்துல கலியாணத்தப் பதியக்குள்ள, வாப்பாட இடத்துல உங்கட கூடப்பொறந்த நானா சைன் வெச்சார். மாப்பிள்ளையும் வெச்சார். புத்தகம் அறைக்குள்ள வரும் எண்டு மக பேனையோட காத்திருந்தா. வரல்ல. கதவடிக்கு வந்து, "நான் எங்க சைன் வைக்க?" எண்டு கேட்டா.

"பொம்புளப் புள்ளைட சைன் தேவல்ல, மக" எண்டார் பதிவுக்காரர். ஆம்புளயள் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சன்.

அவ அவங்களப் பாக்கல்ல. என்னத்தான் பாத்தா.

அந்தச் சிரிப்ப நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு. என்ட காவின்லயும் என்ட சைன் இல்ல. இருபத்திரெண்டு வருஷமா அத ஒருக்காச் சரி நான் யோசிச்சதில்ல. அது அதவிட அருவருப்பு.

நேத்து உங்கட நானா சின்னவளுக்கு ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். "அவளிட்டக் கேட்டீங்களா?" எண்டன். "அவளிட்ட என்னத்தக் கேக்க?" எண்டு அவர் சிரிச்சார். தேத்தண்ணிக் கோப்பைய அவர்ட கையில இருந்து வாங்கி வெச்சிட்டு, வெளியே போகச் சொன்னன்.

என்னப் பத்தி உங்களுக்குச் சொல்லியிருப்பார். சொன்னதெல்லாம் உண்ம.

இப்படிக்கு,
உங்கட ரெண்டு பொம்புளப் புள்ளயளுட உம்மா