சனிக்கிழமையில் வந்த ஜீப்புகள்

மாப்ளே,

நேற்றுக் காலை கிளினிக்கின் பின்னறையை ஒழித்தபோது உன் பழைய பிளாஸ்க் கிடைத்தது. தடுப்பு மருந்தை ஐஸ் போட்டு எடுத்துப்போவாயே, அகன்ற வாய், நசுங்கிய மூடி, அதேதான். திறந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே ஏலக்காய் வாசம். ஜீப் ஸ்டாண்டில் ஏல மூட்டைகளுக்கு நடுவே அதை இடுக்கிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த வாசம். உன் சாவுச் செய்தி வந்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. கம்பவுண்டர் பார்த்துவிடப் போகிறாரே என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதுரையில் ஒரே அறையில் தங்கி டாக்டருக்குப் படித்தோம். நான் போடியில் கிளினிக் திறந்தேன். நீ அரசாங்கத்துக்கு வாக்கப்பட்டாய். அப்படிச் சொல்லித்தான் உன்னைக் கேலி செய்வேன். எழுபதுகளின் கடைசியில் சுகாதார அதிகாரியாக இதே ஊருக்கு வந்து சேர்ந்தாய்.

அப்போது மேலே ஏலத்தோட்டங்களில் கக்குவான் இருமல் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. என்னிடம் தூக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் கைமீறியிருக்கும். ராசிங்காபுரம் செல்லத்தாயியின் மூத்த பிள்ளை என் மேசையில்தான் கடைசி மூச்சை விட்டது. நீ பக்கத்தில் நின்றாய். பிறகு வெளியே குழாயடியில் போய்க் கையைக் கழுவினாய், கழுவிக்கொண்டே இருந்தாய். "ஒரு ஊசியில நிக்கிற சாவுடா இது" என்றாய்.

தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் திங்கள் விடியலில் கைப்பிள்ளைகளோடு ஜீப்பேறினால் சனிக்கிழமை பொழுது சாயத்தான் இறங்குவார்கள். ஊரில் இருப்பது ஞாயிறு ஒரு நாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பக்கத்திலேயே ஊசி முகாம் போட்டாய். மைக் வைத்துக் கூப்பிட்டும் ஈ காக்காய் வரவில்லை. மறு வாரமும் அப்படித்தான். ஊசிக்குப் பயந்த சனங்கள் என்று நாம் இருவருமே திட்டித் தீர்த்தோம்.

மூன்றாவது ஞாயிறு, இரண்டாவது பிள்ளையை இடுப்பிலும் காய்கறிப் பையைக் கையிலுமாகச் செல்லத்தாயி அந்த வழியே போனாள். நீ மறித்துக்கொண்டாய்.

"ஏம்த்தா, மூத்ததப் பறிகொடுத்துமா யோசிக்கிற?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டாள். "ஊசி போட்டா மறுநாளு காய்ச்சல் வருமா வராதா, சார்?"

"வரும். ஒரு நாள்ல போயிரும்."

"மறுநாளு திங்கக்கெழம. காய்ச்சக்காரப் பிள்ளைய அந்த மழைக்குள்ளயும் குளிருக்குள்ளயும் எப்படிக் கொண்டுபோவேன்? ஜீப்ப விட்டா அந்த வாரச் சோலியே போச்சு. எனக்குப் பதிலா இன்னொருத்திய ஏத்திட்டுப் போயிருவாக."

நீ முகாமைச் சுருட்டினாய். அடுத்த சனிக்கிழமை மாலை ஜீப் ஸ்டாண்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். சகதிக் காலும் அட்டை கடித்த ரத்தமுமாகப் பெண்கள் இறங்க இறங்க, ஒவ்வொருத்தியிடமும் அதையே சொன்னாய்: "காய்ச்சல் வரும்த்தா. ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போயிரும்." முதலில் பிள்ளையை நீட்டியவள் செல்லத்தாயிதான். "டாக்டரே, வெரசாப் போடுங்க, இன்னொரு லோடு ஏத்தணும்" என்று டிரைவர்கள் விரட்டினார்கள். பிறகு அவர்களே உனக்காக வண்டியை வரிசையில் நிறுத்த ஆரம்பித்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அந்த இருமல் சத்தம் என் கிளினிக்கில் அபூர்வமாகிவிட்டது.

நீ சென்னைக்குப் போனாய், பதவியும் ஏறியது. எண்பதுகளில் ஒரு நாள் சேதி வந்தது: இனி மாநிலம் முழுக்கப் புதன்கிழமை மட்டும்தான் தடுப்பூசி. திட்டமே உன்னுடையது என்றார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. சென்னைக்கு டிரங்க் கால் போட்டுக் கத்தினேன். "புதன்கெழம யாருடா இருக்கா இங்க? நம்ம சனிக்கெழமைய நீயே கொல்லுவியா?"

நீ பொறுமையாகத்தான் பேசினாய். ஒரே நாள் என்று வைத்தால்தான் ஐஸும் மருந்தும் எல்லா ஊருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும், நர்ஸம்மாவையே பார்க்காத கிராமங்கள் இருக்கின்றன என்றாய். அதில் நியாயம் இருந்தது. "ஆனா நான் இன்னும் கையெழுத்துப் போடலடா. சுகாதாரச் செயலாளரைக் கூட்டிட்டு வர்றேன், நம்ம சனிக்கெழமைய அவரே பார்க்கட்டும்."

சொன்னபடி ஒரு சனிக்கிழமை அழைத்து வந்தாய். அவர் ஸ்டாண்டில் ஓரமாக நின்று முழுவதையும் பார்த்தார். பிறகு என் கிளினிக்கில் டீ குடித்தோம்.

"நல்லாத்தான் இருக்கு, டாக்டர். ஆனா ஓர் ஊருக்கு விட்டா எல்லா ஊரும் கேக்குமே?"

"கேக்கட்டும் சார். கேக்குற ஊருல பிள்ளைங்க பிழைக்கும்."

"இந்த மாதிரி ஊர்களுக்கு விலக்குன்னு உத்தரவுல ஒரு வரி இல்லாம நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்க, அப்படித்தானே? டைரக்டர் பதவிக்கு உங்க பேருதான் போயிருக்கு. ஞாபகம் இருக்கா?"

மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டு, "இருக்கு சார்" என்றாய்.

உத்தரவு வெளியானபோது கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது: வெளியே வேலைக்குப் போய்த் தங்குகிறவர்களின் ஊர்களில், அவர்கள் வீடு திரும்பும் நாளில் ஊசி போடலாம். டைரக்டர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். நீ அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான்தான் பேசிப் பேசி உன் வாயைக் கிளறுவேன். "அந்த ஒரு வரி நிக்குதுல்ல, விடுடா" என்பாய். உன் சாவன்று வீட்டு வாசலில் மாலையோடு நின்றவர்களில் ஒருவர், "பாவம், டைரக்டர் ஆகாமலே ரிட்டயர் ஆயிட்டார்" என்றார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை, மாப்ளே. நீ எப்போதோ ஆறிவிட்டாய்.

நேற்றும் சனிக்கிழமைதான். பொழுது சாயும் நேரத்தில் ஸ்டாண்டுக்குப் போனேன். உட்கார்ந்திருந்த நர்ஸ் சின்னப் பெண். முதல் பிள்ளையோடு வந்த ஒருத்தி, "ஏங்க்கா சனிக்கெழமைல போடுறீக?" என்று கேட்டாள். "இங்க எப்பவுமே சனிக்கெழமதான்க்கா" என்றாள் நர்ஸ். உன் பெயர் அவளுக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டாள்.

அந்தத் தாய் தயங்கினாள். வெள்ளைத் தலையைப் பார்த்தோ என்னவோ, என் பக்கம் திரும்பினாள்.

"காய்ச்சல் வருமா, சார்?"

"வரும்த்தா," என்றேன். "ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போயிரும்."

அவள் பிள்ளையை நீட்டினாள்.